பட்டம் கையில், பதவி எங்கே?

கடன் வாங்கி எம்பிஏ முடித்த இன்னொரு தம்பி போன வாரம் வந்து, "அண்ணா, பட்டம் வந்துடுச்சுங்க, மேனேஜர் போஸ்ட்தான் வரமாட்டேங்குது" என்றார். கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கத்து சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு டீம் லீட், மேனேஜர்களைத் தேர்வு செய்து பயிற்சி கொடுப்பது என் தொழில். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

தம்பி கோடிங்கில் கெட்டிக்காரர். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் செஞ்சு தர்றீங்க. ஏற்றுமதி சீசன். ரிலீஸ் ரெண்டு வாரம் தள்ளுது. முதலாளி போன்ல சத்தம் போடறாருங்க. என்ன சொல்வீங்க?" எழுந்து போய் போர்டில் டேட்டாபேஸ் படம் போட ஆரம்பித்துவிட்டார். எந்த ஷிப்மென்ட் தவறும், எதை முதலில் முடித்தால் சரக்கு கிளம்பும், டீமில் யாரை ராத்திரி உட்கார வைக்கலாம், யாரை வைக்கவே கூடாது, எதையும் தொடவில்லை. இரண்டு வருடம் நிர்வாகம் படித்தவர்!

எப்படிப் படித்தார் என்று விசாரித்தேன். வீடியோவை ஓடவிட்டுவிட்டு ஆபீஸ் வேலை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் காந்திபுரத்தில் காசு கொடுத்து வாங்கியது.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். பட்டம் உங்கள் ரெஸ்யூமை எங்கள் மேசைவரை கொண்டுவரும். அதோடு சரி. பி.இ.க்கு மேல் எம்.இ., அதற்கு மேல் எம்பிஏ என்று அடுக்கினால் பதவி தானாக வரும் என்று யார் சொன்னது? நாங்கள் பார்ப்பது, உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வளர்ந்தார்கள், கெட்ட சேதியை வாடிக்கையாளரிடம் எப்போது சொன்னீர்கள், செலவுக் கணக்கு தெரியுமா என்பதைத்தான். ஜூனியர் எழுதிய கோடிங்கை ராத்திரி தானே திருத்திவைக்கிறவரை நல்ல இன்ஜினியர் என்போம். தலைவர் என்று சொல்ல மாட்டோம்.

இதற்காக மேற்படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல வகுப்பில் பாதித் தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுத்து, அதை எல்லோர் முன்னாலும் நின்று வாதாட வேண்டும். பக்கத்து சீட்டில் ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசரும் பேங்க் ஆபீசரும் இருப்பார்கள். உங்கள் சாஃப்ட்வேர் அவர்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் ஆள் மாறுகிறார்.

சேருவதற்கு முன் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். ஆன்லைன் எம்பிஏ என்றால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ஆன்லைனில் எம்.டெக். தருகிறோம் என்றால் உஷார், 2020 யுஜிசி விதிமுறைகள் பொறியியல் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் அனுமதிப்பதில்லை. பெரிய நிறுவனத்தின் முத்திரை போட்ட சில மாதச் சான்றிதழ் உபயோகப்படலாம், ஆனால் அது பட்டம் அல்ல. நேரடி வகுப்பில் சேர்வதென்றால் எம்பிஏவுக்கு டான்செட், எம்.இ., எம்.டெக்.குக்கு 2023 முதல் சீட்டா, இந்த இரண்டு நுழைவுத் தேர்வுகளையும் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது.

ப்ராஜெக்டை உங்கள் கம்பெனிப் பிரச்சினையிலிருந்தே எடுங்கள். படிப்பு முடியும்வரை காத்திருக்காமல் மேனேஜரிடம் இப்போதே ஒரு சின்னப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். படித்ததை அங்கே செய்து பாருங்கள்.

வீட்டுப் பெரியவங்களுக்கும் ஒரு வேண்டுகோளுங்க. வேலை முடிந்து சாயங்கால வகுப்புக்குக் கிளம்பும் மருமகளிடம் "இனி எதுக்கு கண்ணு படிப்பு" என்று கேட்காதீங்க. அந்த இரண்டு வருடம் ராத்திரிச் சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்க.