குவாஷியோர்கர்: நம்மிடம் இருக்கும் சொல்

பள்ளி அறிவியல் பாடத்தில், உடம்பை மெலியவைக்கும் மராஸ்மஸோடு சேர்த்து மனப்பாடம் செய்த குழந்தை நோயின் பெயர் இது. ‘புரதக் குறைவால் வருவது’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அது எந்த மொழிச் சொல் என்று ஆசிரியரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. மராஸ்மஸ் கிரேக்கம். குவாஷியோர்கரோ கானா நாட்டில் அக்ராவைச் சுற்றி வாழும் கா மக்களின் வீட்டுச் சொல். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

அதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் சிசிலி வில்லியம்ஸ். 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர்; 1929இல், அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட கானாவுக்கு மருத்துவராகப் போனார். அங்கே தாய்ப்பால் மறந்து மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகள் கைகால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, முடி செம்பட்டையாகி வந்தன. புறங்காலை விரலால் அழுத்தினால் விழுந்த குழி சட்டென்று மேலெழாது. உள்ளே இருப்பது நீர். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் குழந்தை கொழுகொழுவென்றுதான் தெரியும். 1933இல் இதைக் கட்டுரையாக எழுதினார். வைட்டமின் குறைவால் வரும் பெல்லாக்ராதான் இது என்று லண்டனிலிருந்து மறுப்பு வந்தது. அவர் அசரவில்லை. உள்ளூர்ப் பெண்கள் வழங்கிய பெயரையே தலைப்பாக்கி, 1935இல் லான்செட் மருத்துவ இதழில் மீண்டும் எழுதினார். அடுத்த பிள்ளை பிறந்ததும் இடமிழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருளும் சொன்னார்.

இதைப் படித்ததும் நம் பாட்டிமார் வாயில் வரும் சொல் ஒன்றே: சவலை. தாய் மறுபடி கருவுற்றதால் பால் கிட்டாமல் நோஞ்சானாகிப்போன பிள்ளை சவலைப் பிள்ளை. யாப்பிலும் சவலை உண்டு. இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் முச்சீரோடு நின்றுவிடும் வெண்பா சவலை வெண்பா. பால் குறைந்த பிள்ளையைப் பார்த்துச் சீர் குறைந்த பாட்டுக்குப் பெயர் வைத்த புலவன் வீட்டில் குழந்தை வளர்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

குவாஷியோர்கரைத் தமிழில் ‘புரதக் குறை நோய்’ என்று ஆக்கிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைப் பெயருக்குள் பூட்டிவிட்டால், காரணம் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். மாறவும் செய்தது. மலாவி நாட்டு இரட்டையரை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு, ஒரே வீட்டுச் சோற்றில் ஒரு பிள்ளைக்கு நோய் வந்து மற்றது தப்புவதில் குடல் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு என்று காட்டியது. சவலைக்கு இந்த வம்பு இல்லை. அது, கா மொழிச் சொல்லைப் போலவே, பிள்ளையின் நிலையைச் சொல்கிறது, உடம்புக்குள் என்ன குறைந்தது என்ற காரணத்தைச் சொல்வதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. சவலை என்றால் நம் கண்ணில் தெரிவது மெலிந்த உடம்பு. குவாஷியோர்கர் பிள்ளையோ வீங்கியிருக்கும். ஆகவே இதை ‘வீங்கு சவலை’ என்றும், மராஸ்மஸை ‘மெலி சவலை’ என்றும் பிரித்து வழங்கலாம். மருத்துவமனையில் இந்த வேறுபாடு முக்கியம்: உணவு கொடுத்துத் தேற்றும்போது வீங்கு சவலைப் பிள்ளைக்கு முதலில் எடை குறையும். தாய் பதறுவாள்; வடிவது நீர்தான்.