வேப்பங்கொட்டை காத்திருக்காது

மழைக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் மரக்கன்று போட வேண்டும் என்று ஊர் ஊராக விதை சேர்க்கிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சாக்கில் கட்டி மூலையில் போட்டுவிட்டால் அதில் பாதி முளைக்காது.

கருவேலம், வாகை, சரக்கொன்றை விதைகளை நன்றாகக் காயவைக்கலாம். ஈரப்பதம் 5 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் விதையின் சுவாசம் மிக மெதுவாகிவிடும், காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் தாங்கும். பலாவும் மாவும் நேர் எதிர். காய்ந்தால் செல் சவ்வுகள் சிதைந்து விதை செத்துவிடும், எடுத்த கையோடு ஊன்றிவிட வேண்டும்.

வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, ஏமாறுவதும் இதில்தான். ஆனி, ஆடியில் பழம் பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும்போதே மரத்தடியில் தார்ப்பாய் விரித்துக் கிளையை உலுக்கிச் சேகரிப்பது நல்லது. சதையை அன்றைக்கே நீக்கிவிடுங்கள். குவித்து வைத்தால் சதை புளித்துச் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும். மணலோடு தேய்த்துக் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, துணிப்பையில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிடலாம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் புழுங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் நாலு கொட்டையை உடைத்துப் பாருங்கள்: பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகிவிட்டால் அந்த மூட்டையை நம்பாதீர்கள்.

வேம்புக்கு விதைநேர்த்தி, அதாவது விதைக்கும் முன் செய்யும் பக்குவம், என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. கருவேலத்தின் கெட்டியான தோலுக்குள் தண்ணீர் இறங்காது. அதனால் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு, இரவு முழுக்க அப்படியே ஆறவிடுவார்கள். காயைத் தின்ற ஆடு அசைபோடும்போது துப்பும் விதை இன்னும் நன்றாக முளைக்கும், பட்டியைக் கூட்டினால் அது சும்மாவே கிடைக்கும். தேக்குக் காயை ராத்திரி ஊறவைத்துப் பகலில் காயவைப்பதை ஒரு வாரத்துக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

அப்புறம், வசதியாக இருக்கிறது என்று ஒரே மரத்தில் எல்லாவற்றையும் பறிக்காதீர்கள். தோப்பு முழுக்க ஒரு தாய்ப் பிள்ளைகளாகிவிட்டால், ஒரே நோய் எல்லாவற்றையும் சாய்த்துவிடலாம், பின்னால் அவை தங்களுக்குள் கலந்து தரும் விதையும் நலிந்துபோகும். தள்ளித் தள்ளி நிற்கும் 20, 30 மரங்களிலிருந்தாவது எடுங்கள்.

விதைக்கும் முன் 100 விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். நாற்றுப் பைக்கு ஒரு விதையா இரண்டா என்பதை அதை வைத்து முடிவு பண்ணலாம்.