ஏ.எல்.பி. தேர்வா? முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்

ரயில் டிரைவர் வேலைக்கு நேரடியாக ஆள் எடுப்பதில்லை. ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் ஏ.எல்.பி., அதாவது உதவி லோகோ பைலட் தேர்வுதான் வாசல். 2025 அறிவிப்பில் 9,970 இடங்கள், ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். மிச்சப் பெருமைகளைக் கோச்சிங் சென்டர் நோட்டீஸே சொல்லிவிடும். அது சொல்லாததைப் பார்ப்போம்.

முதலில் கண். எல்லாத் தேர்விலும் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்து, ஊரெல்லாம் சொல்லியான பிறகு மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்ட பையன்களை ஈரோட்டிலும் சேலத்திலும் பார்த்திருக்கிறேன். சேரும்போதே முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்கிய எந்த இடமும் அவர்களிடம் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வேலைக்கு ஏ-1 என்ற மருத்துவத் தரம் வேண்டும். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் தனித்தனியாக 6/6, அதாவது குறையில்லாத தூரப் பார்வை, இருக்க வேண்டும். கண்ணாடி போட்டால் தெரிகிறது என்ற பேச்சே அங்கே எடுபடாது. லேசிக் செய்து சரியாக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பவரைக் குறைக்க அறுவை செய்தவர்களை எடுப்பதில்லை. 6/6 படித்தவர்களும் மாட்டும் இடம் ஒன்று உண்டு. கண் முன்னால் +2 பவர் லென்ஸை வைப்பார்கள், எழுத்து மங்க வேண்டும். மங்காமல் படித்தால் ஒளிந்திருக்கும் தூரப்பார்வைக் குறை என்று அர்த்தம், நிராகரிப்புத்தான். அப்புறம் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டை. தனக்கு நிறக்குறை இருப்பதையே அந்த அட்டையைப் பார்த்துத்தான் சிலர் தெரிந்துகொள்கிறார்கள். சிக்னலின் சிவப்பையும் பச்சையையும் பார்த்து வண்டி ஓட்டும் வேலை, விதியைக் குறை சொல்ல முடியாது. அதைக் கடைசி வாசலில் வைத்திருப்பதுதான் கொடுமை.

கோவையில் நல்ல கண் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. ‘ரயில்வே ஏ-1 தரத்துக்குப் பார்க்க வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு ஆகும் சில நூறு ரூபாய் வீண் போகாது.

கண்ணில் தோற்றால் ரயில்வேயில் வேறு வேலை தருவார்கள் என்பதும் தப்பு. சர்வீஸில் இருக்கும் டிரைவருக்குப் பின்னாளில் பார்வை குறைந்தால்தான் மாற்று வேலை. புதிதாக வருபவருக்குக் கிடையாது. நிராகரிப்பு தவறு என்று பட்டால் கடிதம் வந்த ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். வெளி மருத்துவரின் சான்று வேண்டும். ரயில்வே ஏற்கெனவே தகுதியில்லை என்று சொன்னது தெரிந்தே கொடுக்கிறேன் என்று அவர் அதில் எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத சான்று குப்பைக்குத்தான் போகும்.

அடுத்து படிப்பு. பத்தாம் வகுப்புடன் குறிப்பிட்ட பிரிவுகளில் ஐ.டி.ஐ. அல்லது அப்ரண்டிஸ் பயிற்சி. இல்லாவிட்டால் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் டிப்ளமோ. ஃபிட்டர், டர்னர், மோட்டார் காயில் கட்டும் பிரிவு எல்லாம் பட்டியலில் உண்டு. வெல்டர் இல்லை. டெக்ஸ்டைல் டிப்ளமோவும் சிவிலும் இல்லை. கோவை கணபதிப் பக்கம் பட்டறையில் பத்து வருடம் காயில் கட்டியவருக்கும் சான்றிதழ் இல்லையென்றால் கதவு திறக்காது.

இனி தாலுகா ஆபீஸ். உங்களிடம் இருக்கும் மாநில பி.சி. சாதிச் சான்றிதழ் ரயில்வேக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். ‘தோப்பு இருக்குது, வருமானம் எட்டு லட்சத்துக்கு மேல போகுமுங்க, தர முடியாது’ என்று பொள்ளாச்சி, கோபிப் பக்கத்து விவசாயிகளைத் திருப்பி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். எட்டு லட்சக் கணக்கில் விவசாய வருமானத்தைச் சேர்க்கக் கூடாது என்பது 1993 முதல் இருக்கும் மத்திய அரசு விதி. நிலத்தின் பரப்புக்குத் தனி வரம்பு உண்டுதான், ஆனால் நான்கு ஏக்கர்க்காரரை அது தொடாது. வாய்வார்த்தையாக மறுத்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். இ-சேவையில் மனு போட்டு, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் குரல் இறங்கும். அறிவிப்பு வருமுன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால் வி.ஏ.ஓ. ‘மீட்டிங்கில்’ இருப்பார்.

ரயில்வே தேர்வு வாரியங்கள் நாடு முழுக்கப் பல உண்டு, அவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்குப் போட்டால் இரண்டும் போகும். முதல் இரண்டு கட்டத் தேர்வைத் தமிழில் எழுதலாம். அதற்கடுத்து வரும் கணினி ஆப்டிட்யூட் தேர்வு மட்டும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான், ஒவ்வொரு பகுதியிலும் 42 வேண்டும், எந்தப் பிரிவுக்கும் சலுகை இல்லை. ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால் ஆதாரை இப்போதே திருத்துங்கள்.

‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று பணம் கேட்பவர்களைப் பற்றி ஒரு செய்தி போதும். 2022-ல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரிடம் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, ‘டிரெயினிங்’ என்று சொல்லி புது டெல்லி ரயில் நிலையத்தில் வண்டிகளை எண்ணவிட்டார்கள். இந்த வேலைக்கு நீங்கள் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது 500 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. உள்ளிட்ட சில பிரிவினருக்கும் 250. முதல் கட்டத் தேர்வை எழுதினால் 500-ல் 400 திரும்ப வரும், 250 கட்டியவர்களுக்கு முழுவதும் வரும், வங்கிக் கட்டணம் மட்டும் பிடிப்பார்கள். விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கு எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துப் போடுங்கள்.