கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஷெல் என்ன செய்கிறது?

டெர்மினலில், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரலுக்கு, நீளமான ஒரு கட்டளையைப் பாதி தட்டியபிறகு தப்பென்று தெரிகிறது. கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்துகிறீர்கள். பாதி வரி அப்படியே கைவிடப்பட்டு, கீழே அடுத்த கட்டளையைக் கேட்கும் புதிய ப்ராம்ப்ட் வந்து நிற்கிறது. உடனே, கடைசிக் கட்டளை எப்படி முடிந்தது என்பதை எண்ணாகச் சொல்லும் 'எக்கோ $?' கொடுத்தால், பாஷ் என்ற ஷெல் 130 என்று காட்டும். 128-உடன், கன்ட்ரோல்-சி எழுப்பும் சிக்னலின் (ஓடும் நிரலுக்குப் போகும் அறிவிப்பு) எண்ணான 2-ஐக் கூட்டிய விடை அது.

விசைப்பலகையிலிருந்து போவது 3 என்ற ஒரே பைட்தான். சி மூன்றாவது எழுத்தல்லவா! அந்த பைட் ஷெல்லின் கைக்கு வருவதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள டெர்மினல் டிரைவர் அதை வழியிலேயே பிடித்துக்கொண்டு, முன்னணியில் இருக்கும் ப்ராசஸ் (ஓடும் நிரல்) குழு முழுவதற்கும் சிக்இன்ட் (SIGINT) என்ற குறுக்கீட்டு சிக்னலை அனுப்புகிறது. அதற்கென ஏற்பாடு எதுவும் செய்துவைக்காத ப்ராசஸ் செத்துப்போகும். அதனால் ஷெல் சிக்னல் வந்தால் ஓடும் ஹேண்ட்லர் ஒன்றைத் தனக்கென வைத்திருக்கிறது. உள்ளீட்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்த ரீட் அழைப்பு, 'குறுக்கீடு' என்ற பிழையோடு விழிக்கிறது. இதை உள்ளீடு முடிந்ததாக ஷெல் எடுத்துக்கொண்டால் லாக்அவுட் ஆகிவிடும். பாதி வரியைத் துடைக்காமல் விட்டால், அது அடுத்த கட்டளையோடு ஒட்டிக்கொள்ளும். அழிக்கும் கட்டளை ஒன்றின் பாதியாக அது இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இதைச் சோதித்தே ஆகவேண்டும். ஆனால் சோதனையே பொய் சொல்லக்கூடும். ஸ்கிரிப்ட்டுக்குள் ஷெல்லை '&' போட்டுப் பின்னணியில் ஓட்டி, 'கில்' மூலம் சிக்இன்ட் அனுப்பினேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஷெல்லில்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். ஜாப் கன்ட்ரோல் (வேலைகளை முன்னணிக்கும் பின்னணிக்கும் மாற்றும் வசதி) இல்லாத ஷெல் பின்னணியில் தொடங்கும் எதுவும் சிக்இன்ட்டைப் புறக்கணிக்கும் நிலையில்தான் பிறக்கிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸின் விதியே அப்படி. பைப் வழியாக உள்ளீடு கொடுப்பதும் உதவாது. அப்போது ஷெல் பயனரோடு ஊடாடும் நிலையில் இருக்காது, சிக்னல் வந்ததும் செத்துவிடும்.

சரியான வழி, போலி டெர்மினல் ஒன்றைத் திறந்து, அதன் மறுமுனையிலிருந்து 3 என்ற பைட்டை எழுதுவது. 1990-இல் டான் லைப்ஸ் உருவாக்கிய எக்ஸ்பெக்ட் என்ற கருவி இதைத்தான் செய்கிறது. முதலில் ப்ராம்ப்ட் வரும்வரை காத்திருங்கள். 'எக்கோ பழசு' என்று என்டர் இல்லாமல் அனுப்புங்கள், பிறகு அந்த பைட், பிறகு 'எக்கோ புதுசு' என்டரோடு. 'புதுசு' மட்டும் பதிலாக வந்தால் ஷெல் சரி. 'பழசுஎக்கோ புதுசு' என்று வந்தால் பிழை கையோடு பிடிபட்டது.

எழுத்துகள் திரையில் தெரிவதை வைத்து ஷெல் வாசிக்கத் தொடங்கிவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் நூலகத்தைப் பயன்படுத்தும் ஷெல்லில் அந்த எதிரொலியை ஷெல்லே எழுதுகிறது. சாதாரண வரி முறையில் கெர்னல் எழுதிவிடும், ஷெல் இன்னும் வேறு வேலையில் இருக்கலாம்.

ஸ்கிரிப்ட்டில் சிக்னல் வந்தால் ஓடவேண்டியதை 'ட்ராப்' மூலம் வைத்துவிட்டு, உள்ளீட்டு வரியை வாங்கும் 'ரீட்' கட்டளையில் காத்திருக்கும் நிலையைத் தனியாகச் சோதியுங்கள். பாஷின் போசிக்ஸ் முறையில் ட்ராப் ஓடி முடிந்ததும் ரீட் 128-க்கு மேற்பட்ட மதிப்போடு திரும்பும். அதனால் ஒரே சோதனையைச் சாதாரண முறையில் ஒருமுறை, போசிக்ஸ் முறையில் ஒருமுறை என இரண்டு தடவை ஓட்டுகிறேன்.