சம்சு போத்தல்: 700 மில்லி விதி என்ன சொல்கிறது?

நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் சம்சு என்ற மலிவு மது உள்ளங்கையில் அடங்கும் சின்னப் போத்தலில் வரும். பெரியப்பா அதைக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருவார். பை லேசாகப் புடைத்திருந்தால் அன்று வீட்டில் சண்டை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கையிலிருக்கும் சில்லறைக்கே அது கிடைத்தது. அதுதான் வினை.

அந்தச் சின்னப் போத்தலுக்குத்தான் மலேசிய சுகாதார அமைச்சு முற்றுப்புள்ளி வைத்தது. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் செய்த திருத்தம் 2017 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, கலப்பு மதுவை, அதாவது நாம் சம்சு என்பதை, கண்ணாடிப் போத்தலில் மட்டுமே அடைத்து விற்கலாம். அளவும் 700 மில்லிலிட்டருக்குக் குறையக் கூடாது. பெரிய போத்தலுக்குப் பெரிய காசு வேண்டும். நாள் கூலியில் பாதியை எடுத்து வைக்க ஒருவர் கொஞ்சமாவது யோசிப்பார். இந்தத் திருத்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பீருக்கு இந்த அளவு விதி கிடையாது.

மது வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆனதும் இதே திருத்தத்தில்தான். அப்புறம், லேபிளில் தடித்த எழுத்தில் ‘மெமினும் ஆராக் போலே மெம்பஹாயாகான் கெசிஹாத்தான்’ என்று மலாயில் இருக்க வேண்டும். மது குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கலாம் என்று பொருள். தமிழிலும் போட்டிருந்தால் எங்கள் பாட்டிமார்களும் படித்திருப்பார்கள்.

கோலாலம்பூரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2021 முதல் மளிகைக் கடை, வசதிக் கடை (convenience store), சீன மருந்துக் கடை எதிலும் கடின மது (விஸ்கி, பிராந்தி, சம்சு போன்றவை) விற்க மாநகர் மன்றம் அனுமதிப்பதில்லை. பீர் மட்டும் காலை 7 முதல் இரவு 9 வரை விற்கலாம். ஆகவே செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு மளிகைக் கடையில் மேசைக்கு அடியிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து நீட்டினால், அது விதிக்குப் புறம்பான சரக்கு. வாங்காதீர்கள். சுங்கத் துறையின் வரி முத்திரை இல்லாத போத்தலையும் தொடாதீர்கள்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் என்ற விஷ ரசாயனம் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் நிறையப் பேர். மெத்தனாலை வாசனையாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட வாந்தி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல் வரலாம். போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், குடித்த போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு.