அம்மம்மாவின் நீலக்கல்: பழையது என்பது சான்றாகாது

சென்ற மாதம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா, இரத்தினக்கற்களைப் பரிசோதிக்கும் என்னிடம் வந்தார். மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்காக நீலக்கல் மோதிரத்தை விற்க வேண்டிய நிலை. "தம்பி, இது என் அம்மம்மாவின் மோதிரம். அந்தக் காலத்தில் ஏது போலி?" என்றார்.

கல்லின் பின்புறம் தங்கத்தால் மூடப்பட்டிருந்தது. அவர் சம்மதத்துடன் செட்டியார் தெருப் பத்தர் ஒருவரைக் கொண்டு கழற்றினோம். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிமுறிவுமானி 1.762, 1.770 என்று காட்டியது. நீலக்கல்லுக்குரிய எண்கள்தாம். ஆனால் ஆய்வுகூடத்தில் செய்த நீலக்கல்லும் இதே எண்களைத்தான் காட்டும். இரண்டும் ஒரே பொருள். கல்லை நீரில் அமிழ்த்தி, அடியிலிருந்து வெள்ளொளி பாய்ச்சிப் பார்த்தேன். நீலம் வில் போல வளைந்த பட்டைகளாகத் தெரிந்தது. மண்ணில் விளைந்த கல்லில் நிறப்பட்டைகள் நேராக ஓடி, கோணத்தில் சந்திக்கும். தீச்சுவாலையில் உருகித் துளித்துளியாகப் படிந்த கல்லில்தான் அவை வளையும். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் இம்முறையில் செய்த சிவப்புக்கல்லை 1902இல் அறிவித்தார். அடுத்த பத்தாண்டுக்குள் நீலமும் வந்துவிட்டது. ஆக, இது செய்த கல்தான். அம்மம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு விற்றவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ.

அந்த அம்மாவின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. பாதிப் பணத்தை அவர் மனத்தில் செலவழித்தே விட்டிருந்தார்.

நான் படித்தபோது வைரத்தைத் தரம் பிரிக்க ஓர் ஏணி இருந்தது. நிறத்துக்கு டி முதல் இசட் வரை ஆங்கில எழுத்துகள். ஒப்பீட்டுக் கற்களின் பக்கத்தில் கவிழ்த்து வைத்துப் பார்ப்போம். தெளிவுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்னும் கைக்கண்ணாடி. வண்ணக் கற்களுக்கு உலகம் முழுதும் ஏற்ற அப்படியோர் ஏணி இல்லை. கண்தான் பழக வேண்டும். மாசே இல்லாத பெரிய நீலக்கல் மலிவாகக் கிடைத்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். எங்கள் இலங்கைக் கல்லுக்குள் பட்டு நூல் போன்ற மெல்லிய ஊசிகள் இருந்தால் எனக்கு மனம் நிறையும். அவை ரூட்டைல் என்னும் கனிமம். ஏறத்தாழ 1600 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால் அவை கரைந்து, அவற்றிலுள்ள டைட்டானியம் கல்லின் இரும்போடு சேர்ந்து நீலமாகும். நாம் ஒதுக்கிய கெவுடா என்னும் பால்நிறக் கற்களை 1970களில் தாய்லாந்து வணிகர்கள் வாங்கிச் சென்று நீலமாக்கியது இப்படித்தான். சுட்ட கல் போலியன்று. அதைச் சுடாத கல்லின் விலைக்கு விற்பதுதான் ஏமாற்று.

சனிப்பெயர்ச்சி என்றாலே பலர் அவசரமாக நீலக்கல் தேடுகிறார்கள். தயவுசெய்து மோதிரத்தில் பதித்த பிறகு வராதீர்கள். கல்லைத் தனியாக வாங்கி, தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிலோ நம்பகமான வேறோர் ஆய்வுகூடத்திலோ காட்டுங்கள். இயற்கையானதா, சுட்டதா என்ற இரண்டையும் அறிக்கையில் தேடுங்கள். கடைக்காரரின் பற்றுச்சீட்டிலும் அதே சொற்களை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.