மார்ட்கேஜ்: அடகா, அடமானமா, ஒத்தியா?

‘மார்ட்கேஜ் லோன்’ என்று சொல்லும்போது நாம் அந்த ‘ட்’டை நன்றாக அழுத்திச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது ஒலிக்காது. மார்கிஜ் என்பதுதான் உச்சரிப்பு. ஆனால் சொல்லின் கதையே அந்த ஒலிக்காத எழுத்தில்தான் இருக்கிறது.

பழைய பிரெஞ்சில் ‘மோர்ட்’ என்றால் செத்த, ‘கேஜ்’ என்றால் ஈடு. போஸ்ட்மார்ட்டம், மார்ச்சுவரி எல்லாம் முதல் பாதியின் உறவுக்காரர்கள். எங்கேஜ்மென்ட் இரண்டாம் பாதியின் உறவு: வாக்கை ஈடாக வைப்பது.

சரி, ஈடு எப்படிச் சாகும்? 1628இல் எட்வர்ட் கோக் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞரின் நூலில் ஒரு விளக்கம் இருக்கிறது. கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவரைப் பொறுத்தவரை செத்துப்போகிறது. கட்டிவிட்டால் கடன் கொடுத்தவரின் பிடி செத்துப்போகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் கிளான்வில் பெயரால் வழங்கும் சட்டநூல் சொல்வது வேறு. நிலத்தின் வருமானம் கடனில் கழிந்துகொண்டே வந்தால் அது உயிருள்ள ஈடு. வருமானத்தைக் கடன் கொடுத்தவரே எடுத்துக்கொள்ள, அசல் அப்படியே நின்றால் செத்த ஈடு. காலத்தால் முந்தியது என்பதால் மட்டுமல்ல, நம் ஊர் வழக்கத்தோடு ஒட்டிப் போவதாலும் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

மதுரைப் பக்கம் ‘ஒத்திக்கு வீடு’ என்றும் சென்னையில் ‘போக்கியத்துக்கு’ என்றும் சொல்வதை நினைத்துப் பாருங்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியேறுகிறார்கள். மாத வாடகை கிடையாது, பணத்துக்கு வட்டியும் கிடையாது. வட்டிக்கும் வாடகைக்கும் சரியாய்ப் போய்விடும். காலம் முடிந்ததும் அசல் குறையாமல் கைக்கு வரும். கிளான்வில் சொன்ன செத்த ஈடு இதேதான். அசல் எழுத்து வழக்கு ‘ஒற்றி’; பேச்சில் ஒத்தி ஆகிவிட்டது.

இங்கேதான் மொழிபெயர்க்கிறவர்களுக்குச் சிக்கல். வீடு, நிலம் என்றால் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் பொருள் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல் மாறும். நகையைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கினால் அடகு. யாழ்ப்பாணத்தில் அதையே அடைவு என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு மார்ட்கேஜ் என்று சொல்லவே கூடாது. அது பான் அல்லது பிளெட்ஜ். வீட்டில் நீங்களே குடியிருந்துகொண்டு பத்திரத்தை மட்டும் வங்கியில் வைத்தால் அடமானம். நிலத்தையே அனுபவிக்கக் கொடுத்துவிட்டால் ஒத்தி.

இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவில், ஆறு வகை மார்ட்கேஜைச் சொல்கிறது. ஒத்தி அதில் ஒன்று, பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவது இன்னொன்று. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘எம்.ஓ.டி.’ (மெமோரண்டம் ஆஃப் டெபாசிட், பத்திரத்தை ஒப்படைத்ததற்கான குறிப்பு) போட்டோம் என்பது இந்த ஒப்படைப்பைத்தான்.

ஆகவே பொதுச்சொல்லாக ‘அடமானம்’ போதும் என்பது என் கட்சி. இலங்கையில் ‘ஈடு’ வேரூன்றியிருக்கிறது. அங்குள்ள அரச வங்கி ஒன்றின் பெயரிலேயே அது உண்டு. அதுவும் நல்ல சொல்தான். தமிழ்நாட்டில் ‘ஈடு’ என்றால் நஷ்டஈடு முதலில் நினைவுக்கு வந்துவிடுகிறது, அதுதான் தடை.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு பொறி உண்டு. மார்ட்கேஜர், மார்ட்கேஜி இரண்டில் வங்கி எது? கடன் ‘கொடுப்பவர்’ என்பதால் மார்ட்கேஜர்தான் வங்கி என்று தோன்றும். கிடையாது. இங்கே கொடுக்கப்படுவது ஈடு. ஈட்டைக் கொடுப்பவர் வீட்டுக்காரர். அவர்தான் மார்ட்கேஜர். அதை வாங்கிக்கொள்ளும் வங்கி மார்ட்கேஜி.

உருவகமாகவும் வரும்: எதிர்காலத்தை மார்ட்கேஜ் செய்வது. இதற்கு மட்டும் ‘அடமானம்’ வேண்டாம். தன்மானத்தையும் மூளையையும் நாம் எப்போதும் அடகுதானே வைக்கிறோம்.

அப்புறம், மீட்பதற்கும் தனிச்சொல் உண்டு. நகையைத் திருப்புகிறோம், நிலத்தை மீட்கிறோம். வீட்டுக்கடன் முடிந்தால் பத்திரத்தை வாங்கினால் மட்டும் போதாது. கடன் தீர்ந்துவிட்டது என்று வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணம் பதிவானால்தான் கடன் தீர்ந்தது வில்லங்கச் சான்றிதழில் தெரியும்.